லத்தேரிக்கு ஒரு டிக்கெட்

திங்கள்கிழமை விடிகாலை
அரக்கோணம் கவுன்டரில் நான் கேட்பது லத்தேரி.
இறங்குவது காட்பாடியில்.
அந்த ஒரு ஸ்டேஷன் தூரம்
ஏழு வருஷமாக நான் போகாமலே காசு கட்டிய தூரம்.
'கா' என் தொண்டையில் சாத்திய கதவு.
'ல' திறந்தே கிடக்கிற ஜன்னல்.

வேலூர் ஆஸ்பத்திரியில், பேச்சுப் பிரிவில், டைப்பிங் வேலை.
யாரோடும் பேச வேண்டியிருக்காது என்றுதான் சேர்ந்தேன்.
சேர்ந்த பிறகு பார்த்தால்
அங்கே வருகிற எவருக்கும் அது சுலபமில்லை.

போன வாரம் எஸ்தர் மேடம் சொன்னார்:
"தணிகாசலம், ஒரு பக்கம் தமிழில் வேணும்.
கோளாறுகளின் பேரெல்லாம்.
அணைக்கட்டிலிருந்து வர்ற அம்மாக்களுக்கும் புரியணும்."

மொழி வேறு, பேச்சு வேறு என்று முதலில் போட வேண்டும்.
எழுதினேன்:
பாலத்தில் நின்று பாருங்கள், பாலாறு காய்ந்து கிடக்கும்.
மணலை முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று.
ஊற்று மொழி. மேலே ஓடுவது பேச்சு.
மேடம் சிவப்பு மையால் அடித்தார்.
"உவமை வேண்டாம். முழங்கை ஆழத்துல இப்போ தண்ணி எங்க இருக்கு?"
அதுவும் சரிதான்.

உச்சரிப்புக் கோளாறு.
குடியாத்தத்துப் பையன், நாலரை வயசு.
'க' வராது, எல்லாம் 'த'.
ஜன்னல் கம்பியில் காக்கா வந்து உட்கார
கைதட்டிக் கத்தினான்: "தாத்தா! தாத்தா!"
வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.
அவன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.
மாமனார் போய்ப் பதினெட்டு நாள்தானாம்.
இலையில் சோறு வைத்துவிட்டு
நாமும் அதை அப்படித்தானே நினைக்கிறோம்.
கோளாறு என்று அடிக்க அன்றைக்கு விரல் வரவில்லை.

குரல் கோளாறு என்பது
மார்க்கெட்டில் தக்காளி விலை கூவும் மங்கவரம்.
தொண்டைக்குள் கடுகு மாதிரி இரண்டு முடிச்சு.
ஒரு வாரம் வாயே திறக்காதே என்றதற்கு
அப்ப சரக்கை யார் விப்பா என்று
கண்ணாலேயே கேட்டது.

பேச்சிழப்பு.
பேரணாம்பட்டு வாஜித் பாய், தோல் மண்டியில் முப்பது வருஷக் கணக்கர்.
பக்கவாதம் வலது கையோடு தமிழையும் கொண்டுபோனது.
வீட்டு உருது மட்டும் துண்டு துண்டாகச் சொட்டுகிறது.
சாவியைக் காட்டினால் பூட்டு என்கிறார்: "தாலா."
தப்பென்று அவருக்கே தெரிகிறது.
தலையை ஆட்டிக்கொண்டே மறுபடியும் "தாலா."
ஆனால் எண்ணச் சொன்னால்
ஒன்று, இரண்டு, மூன்று, சுத்தத் தமிழில்.
எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை.
நூற்றிப் பதினாலில் ஷம்ஷாத் அம்மா கையைப் பிடித்தார்,
போதும்ங்க, போதும்.
எந்த மண்டி, எத்தனை தோல் கட்டு,
இத்தனை நாள் எங்கே அடுக்கியிருந்ததோ.

கடைசியில் என்னுடையது.
க ச ட த ப ற.
வல்லினம் என்று பெயர் வைத்தவனுக்கு
என்னை மாதிரி ஒருத்தனைத் தெரிந்திருக்க வேண்டும்.
திக்குவாய். அந்தச் சொல்லின் முதல் எழுத்திலேயே நான் திக்குவேன்.
என் பெயரின் வாசலிலும் அதே எழுத்துதான் காவல்.
எழுதுகிற கைக்கு மட்டும் ஒரு தடையும் இல்லை:

சொல் அவருக்குத் தெரியும்.
வாய்க்குள் வந்து நிற்கிறது.
காத்திருங்கள்.
நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள்.

மேடம் இரண்டு தரம் படித்தார்.
பேனாவை மூடி வைத்தார்.

இந்தத் திங்கள் என்ன தோன்றியதோ,
கவுன்டரில் "கா" என்று ஆரம்பித்தேன்.
கா.
கா.
கம்பிக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்தார்கள்.
ரயில் வருகிறதென்று ஒலிபெருக்கி
மூச்சு விடாமல் மூன்று மொழியில் சொல்லி முடித்தது.
பின்னால் நின்றவர் நல்ல மனுஷன்.
தோளுக்கு மேலே குனிந்து
"காட்பாடியாம் சார், ஒண்ணு குடுங்க" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.
"லத்தேரி" என்றேன்
ஒரு சிக்கலும் இல்லாமல்.